விட்ட பாக்டீரியா வெளியே வந்ததா? வாசகர் கேள்வி – பதில்

குடிநீர் வடிகட்டி கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அடையாளம் தெரிகிற பாக்டீரியாவை எண்ணி ஒரு பக்கம் ஊற்றி, மறுபக்கம் எத்தனை வருகிறது என்று எண்ணுவது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஆய்வகக் கேள்விகளும் அடுக்களைக் கேள்விகளும் கலந்து வந்திருக்கின்றன. பிரிக்காமல் அப்படியே தருகிறோம்.

கேள்வி: வடிகட்டிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் பிடித்து லேபில் கொடுத்தால் போதாதா? பாக்டீரியாவுக்கு எதற்கு அடையாளம்? – பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: வீட்டுத் தண்ணீர் இன்றைக்குக் குடிக்கத் தகுந்ததா என்று தெரிய அது போதும். வடிகட்டியின் தரம் தெரிய அது போதாது.

உங்கள் குழாய்த் தண்ணீரில் 100 மில்லிக்கு 20 ஈ.கோலை (குடலில் வாழும் பாக்டீரியா) இருந்தது, வடிகட்டிய பின் ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வடிகட்டி இருபதில் ஒன்று என்ற அளவுக்குமேல் தடுத்ததற்கு இதில் சாட்சி இல்லை. நாளைக்குச் சாக்கடை கலந்து 100 மில்லிக்கு ஒரு லட்சம் வந்தால் என்ன செய்யும் என்று இந்த அறிக்கையால் சொல்ல முடியாது. உள்ளே எவ்வளவு விட்டோமோ, அதுவரைக்கும்தான் எந்தச் சோதனையும் பேசும்.

இன்னொரு சிக்கல் வடிகட்டியிலேயே இருக்கிறது. பீங்கான் கேண்டிலின் சுவர், கரித்தூள் அடுக்கு, கீழ்ப் பாத்திரம், குழாய் முனை எல்லாமே பாக்டீரியா குடியிருக்கும் இடங்கள். மொத்த பாக்டீரியா எண்ணிக்கை பார்த்தால் வெளியே வருவது உள்ளே போனதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். கரி வடிகட்டிகளில் இது சாதாரணமாக நடப்பது. அவை கடந்து வந்தவையா, அங்கேயே பிறந்தவையா? வெறும் எண்ணிக்கை அதைச் சொல்லாது. திருவிழாக் கூட்டத்துக்குள் நம் பிள்ளையைச் சிவப்புச் சட்டை போட்டு அனுப்புவது போலத்தான் இந்த அடையாளம். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் நாம் அனுப்பியது மட்டும் கண்ணில் படும்.

கேள்வி: என்னென்ன அடையாளங்கள் உண்டு? ப்ராஜெக்டுக்கு எதை எடுப்பது? – முதுகலை மாணவி, திருச்சி

பதில்: நிறம், மருந்து எதிர்ப்பு, ஒளி. இந்த மூன்றுதான் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளவை.

நிறத்தில் பழைய ஆள் செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா. அதன் காலனிகள், அதாவது வளர்ப்புத் தட்டில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள், இரத்தச் சிவப்பாக வரும். 1906இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் காற்றோட்டத்தைப் பார்க்க கார்டன் என்பவர் இதை வாயில் கொப்பளித்துவிட்டு ஷேக்ஸ்பியர் வசனம் பேசினார். அவையில் பரப்பி வைத்த தட்டுகளில் சிவப்புக் காலனிகள் முளைத்தன. 1950இல் அமெரிக்கக் கடற்படை சான் பிரான்சிஸ்கோ நகரத்தின்மேலேயே இதைத் தூவிப் பார்த்தது. தீங்கற்றது என்று அப்போது நம்பினார்கள். மருத்துவமனை நோயாளிகளுக்குத் தொற்று தரக்கூடியது என்று இன்று தெரியும். குடிநீர்க் கருவிக்குள் இதை விடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இதில் ஒரு தொழில் சிக்கலும் உண்டு: 37 டிகிரியில் வளர்த்தால் நிறமே வராது. 25 முதல் 28 டிகிரி வேண்டும். பழக்கதோஷத்தில் ஈ.கோலையோடு சேர்த்து 37இல் வைத்துவிட்டு "ஒன்றும் வரவில்லை, வடிகட்டி அருமை" என்று எழுதியவர்கள் உண்டு.

மருந்து எதிர்ப்பு அடையாளம்தான் மாணவர்களுக்குச் சரி. மருந்து கலந்த அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக்கூழ்) நீங்கள் விட்டது மட்டும் வளரும், மற்றது அடங்கிவிடும். இங்கே ஒரு தேர்வு இருக்கிறது. எதிர்ப்பு பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) இருந்தால் அது தாவும். பக்கத்து பாக்டீரியாவுக்குப் போகலாம், உங்கள் பாக்டீரியாவிடமிருந்து உதிர்ந்தும் போகலாம். குரோமோசோமில் தானாக ஏற்பட்ட மாற்றம் அப்படி எளிதில் தாவாது, மருந்து இல்லாத தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தாலும் நிற்கும். ஆகவே நாலிடிக்ஸிக் அமிலம், ரிஃபாம்பிசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளில் ஒன்றுக்குக் குரோமோசோம் வழியில் எதிர்ப்புப் பெற்ற, நோய் தராத ஈ.கோலை கே-12 வகை எடுங்கள்.

ஒளிரும் பாக்டீரியா பார்க்க அழகு. ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்தை ஏற்றிய ஈ.கோலை, நீள அலை புற ஊதா விளக்கின்கீழ் பச்சையாகத் தெரியும். தட்டில் முளைத்த காலனி ஒளிர்ந்தால் நம்பலாம். வடிகட்டிய தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துப் பச்சைப் புள்ளிகளை எண்ணுவது வேறு விஷயம். அந்தப் புரதம் மிக உறுதியானது. செல் செத்த பிறகும் ஒளிரும். வெள்ளி பூசிய கேண்டில் பாக்டீரியாவைக் கொன்றிருந்தாலும் புள்ளி தெரியும். மாறாக, சுவரில் எந்த ஆழத்தில் பாக்டீரியா சிக்கியது என்று பார்க்க, கேண்டிலை உடைத்து வெட்டுமுகம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

கேள்வி: நாலிடிக்ஸிக் எதிர்ப்பு வகையை விலைக்கு வாங்க வேண்டுமா, நாமே எடுக்கலாமா? – ஆய்வக உதவியாளர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் முடியும். சிஎன்-13 என்ற ஈ.கோலை வகை இந்த எதிர்ப்போடு உலகெங்கும் நீர் ஆய்வகங்களில் இருக்கிறது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை எண்ணுவதற்கு அதை வளர்ப்பார்கள். சாதாரண கே-12 வகை வேண்டுமென்றால் சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் சேகரிப்பு மையத்திடம் கேட்டு வாங்கி, அதிலிருந்து எதிர்ப்பு வகையை நீங்களே பொறுக்கலாம்.

ஒரு இரவு பாக்டீரியா வளர்ந்த சத்துநீரில் (இதைத்தான் குழம்பு என்கிறோம்) மில்லிக்கு சுமார் 100 கோடி செல் இருக்கும். 10 மில்லியை மையவிலக்கில் சுழற்றி அரை மில்லியாகச் சுருக்குங்கள். லிட்டருக்கு 25 மில்லிகிராம் நாலிடிக்ஸிக் அமிலம் கலந்த அகார் தட்டுகள் ஐந்தில் பரப்புங்கள். நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான் எதிர்ப்பு தானாகத் தோன்றும்; ஆகவே விரல் விட்டு எண்ணும் அளவுக்கே காலனி வரும். இரண்டு நாள் பொறுங்கள். வந்ததை லிட்டருக்கு 100 மில்லிகிராம் தட்டுக்கு மாற்றி, தனிக் காலனி எடுத்துப் புதுத் தட்டில் கோடாகத் தீட்டுங்கள்; இப்படி மூன்று முறை. நடுவில் ஒரு முறை மருந்தில்லாத அகாரில் வளர்த்துவிட்டுத் திரும்ப மருந்துத் தட்டில் வைத்துப் பாருங்கள். எதிர்ப்பு நிலைத்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

நாலிடிக்ஸிக் அமிலம் வெறும் தண்ணீரில் கரையாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைக்க வேண்டும். சோடியம் உப்பாக வாங்கினால் தண்ணீரே போதும். ரிஃபாம்பிசினை மெத்தனாலில் கரைத்து, அகார் 50 டிகிரிக்கு ஆறிய பின் சேர்த்து, தட்டுகளை இருட்டில் வையுங்கள்.

எதிர்ப்பு வகை, அதன் தாய் வகை அளவுக்கே வேகமாக வளர்கிறதா என்று ஒரு வளர்ச்சி வரைபடம் போட்டுப் பாருங்கள். நொண்டி வகையை விட்டால் வடிகட்டிக்குச் சலுகை காட்டியது போலாகும்.

இன்னொரு எச்சரிக்கை நம் நாட்டுக்கு மிகவும் பொருந்தும். நம் சாக்கடையிலும் ஆற்றிலும் நாலிடிக்ஸிக் எதிர்ப்புள்ள ஈ.கோலை ஏற்கெனவே ஏராளம். சோதனைக்கு ஆற்றுத் தண்ணீரை எடுத்தால் உங்கள் சிவப்புச் சட்டையை ஊரில் பாதிப் பேர் போட்டிருப்பார்கள். அங்கே நாலிடிக்ஸிக், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் எதிர்ப்புள்ள இரட்டை அடையாளம் வேண்டும்.

கேள்வி: பீங்கான் கேண்டில் வடிகட்டியைச் சோதிக்க முழு முறையையும் சொல்லுங்கள். – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: முதலில் கேண்டிலைக் கழுவி, இரண்டு மூன்று நாள் சுத்தமான தண்ணீர் ஓட விடுங்கள். புதுக் கேண்டிலில் தூசும் காற்றுக் குமிழும் இருக்கும். வெள்ளி பூசியதாக இருந்தால் முதல் சில லிட்டரில் வெள்ளி அதிகமாகக் கசியும். நனையாத கேண்டில் கொடுக்கும் எண் எதற்கும் உதவாது.

தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்குகிறார்கள். காய்ச்சி வடித்த நீர் வேண்டாம். உப்பே இல்லாத நீரில் செல்கள் நலிந்துபோகும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். 10 லிட்டருக்கு கால் கிராம் சோடியம் தயோசல்பேட் போட்டால் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை குளோரின் போய்விடும். ஆனால் வெள்ளிக் கேண்டில் என்றால் மிஞ்சும் தயோசல்பேட் வெள்ளியையும் கட்டிப்போடும், கேண்டிலின் வேலையைக் கெடுக்கும். அதற்குக் குளோரின் கலக்காத போர்வெல் தண்ணீர் உத்தமம்.

இரவு முழுக்க, 16 முதல் 18 மணி நேரம், 37 டிகிரியில் வளர்ந்த குழம்பைச் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, பாஸ்பேட் உப்புநீரில் இரண்டு முறை அலசுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. அலசாத குழம்போடு சத்துநீரும் போனால் கேண்டில் சுவரில் பாக்டீரியா விருந்து நடத்தும். வெள்ளியையும் அது செயலிழக்கச் செய்யும்.

அலசியதைப் பழைய அளவுக்கே கரைத்தால் மில்லிக்கு 100 கோடி. அதில் 1 மில்லியை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் மில்லிக்கு ஒரு லட்சம், அதாவது 100 மில்லிக்கு ஒரு கோடி கிடைக்கும். நன்றாகக் கலக்கி மேல் பாத்திரத்தில் ஊற்றுங்கள். அதே தண்ணீரில் ஒரு லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள். கேண்டில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் விடும். 10 லிட்டர் இறங்க அரை நாள் ஆகலாம். அதற்குள் பாக்டீரியா தானாக எவ்வளவு சாகிறது என்பதை இந்தத் தனிப் பாத்திரம் சொல்லும். அந்தக் கணக்கைக் கழிக்காமல் எல்லாப் பெருமையையும் கேண்டிலுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

மாதிரியைக் கீழ்ப் பாத்திரத்தின் குழாயில் பிடிக்காதீர்கள். மேல் பாத்திரத்தைத் தூக்கி வைத்து, கேண்டிலின் அடி முனையிலிருந்து சொட்டுவதை நேராகக் கிருமி நீக்கிய குடுவையில் பிடியுங்கள். கேண்டிலுக்குள் ஏற்கெனவே நின்ற பழைய தண்ணீர் முதலில் வரும். அதன் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு ஓடிய பிறகே முதல் மாதிரி. பிறகு பாதி இறங்கியதும் ஒன்று, கடைசியில் ஒன்று.

மேல் தண்ணீரை நூறு மடங்கு நீர்த்து, அதில் 0.1 மில்லியை மருந்து அகாரில் பரப்பினால் நூறு காலனி அளவில் வரும். 30 முதல் 300 வரை எண்ணத் தக்கது. வடிகட்டிய தண்ணீரில் 1, 10, 100 மில்லி மூன்றையும் தனித்தனியாக 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) வடித்து, சவ்வை மருந்து அகார்மேல் வையுங்கள். 1 மில்லியை அப்படியே ஊற்றினால் ஓரிடத்தில் குவியும். கொஞ்சம் கிருமி நீக்கிய உப்புநீரோடு கலந்து ஊற்றுங்கள். சவ்வில் 20 முதல் 80 காலனி இருந்தால் எண்ண வசதி.

சோதனைக்கு முந்தைய நாள் அடையாளமில்லாத தண்ணீரை விட்டு அதையும் 100 மில்லி வடித்து மருந்து அகாரில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு காலனி முளைத்தாலும் மறுநாள் வேலையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தோம். வெள்ளிக் கேண்டிலில் மூன்று முறையும் பூஜ்ஜியம். வழிகாட்டி நம்ப மறுக்கிறார். – மாணவிகள் குழு, மதுரை

பதில்: அவர் சந்தேகப்படுவது நியாயம். பாக்டீரியா கேண்டிலில் செத்ததா, உங்கள் குடுவையில் செத்ததா? தண்ணீரோடு கசிந்து வந்த வெள்ளி, குடுவையில் இருந்த இரண்டு மணி நேரமும் வேலை செய்துகொண்டே இருந்திருக்கும். குடிப்பவர் வடித்த உடனே குடிக்கலாம்; அவருக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காது. மாதிரி பிடிக்கும் குடுவையிலேயே முன்கூட்டி வெள்ளியை முறிக்கும் பொருளைப் போட்டு வைக்க வேண்டும். வெறும் தயோசல்பேட் குளோரினுக்குப் போதும். வெள்ளிக்குச் சோடியம் தயோகிளைகோலேட்டையும் சேர்ப்பார்கள்.

முறிப்பான் வேலை செய்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. வடிகட்டிய தண்ணீர் 100 மில்லி, முறிப்பான், அதில் எண்ணிய 50 முதல் 100 அடையாள பாக்டீரியா. அரை மணி கழித்து வடித்துப் பாருங்கள். போட்டது ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வந்தால் உங்கள் பூஜ்ஜியம் உண்மையான பூஜ்ஜியம். வரவில்லை என்றால் வழிகாட்டி சொன்னதுதான் சரி. முறிப்பானே பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று வெறும் உப்புநீரிலும் இதைச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். வெள்ளியாலோ குளோரினாலோ அடிபட்ட செல், சாகாமல் குற்றுயிராகக் கிடக்கும். மருந்து கலந்த அகாரில் நேராக வைத்தால் அதற்கு எழ முடியாது. சவ்வை முதலில் சாதாரண அகாரில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வைத்துத் தேற்றி, பிறகு அதே சவ்வை மருந்து அகாருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பெட்டியில் "99.9 சதவீதம் கிருமி நீக்கம்" என்று போட்டிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் "லாக் 4, லாக் 6" என்கிறார்கள். எது பெரிது? – வங்கி ஊழியர், சேலம்

பதில்: ஒரு லாக் என்பது பத்தில் ஒரு பங்காகக் குறைப்பது. 99.9 சதவீதம் என்பது லாக் 3, ஆயிரத்தில் ஒன்று தப்புகிறது. கேட்கப் பெரிதாக இருந்தாலும் பாக்டீரியாவுக்கு அது பெரிய எண் இல்லை. 100 மில்லிக்கு ஒரு கோடி உள்ளே விட்டால் பத்தாயிரம் வெளியே வரும்.

கணக்கு எளிது. உள்ளே மில்லிக்கு 2,40,000; வெளியே 100 மில்லிக்கு 38, அதாவது மில்லிக்கு 0.38. வகுத்தால் சுமார் 6,31,600. அதன் லாக் 5.8. இதையே சதவீதமாக எழுதினால் 99.99984 என்று ஒன்பதுகளை எண்ண வேண்டியிருக்கும். லாக் வசதி என்பது அதனால்தான்.

காலனியே வரவில்லை என்றால் "லாக் முடிவிலி" என்று எழுத முடியாது. உள்ளே 100 மில்லிக்கு ஒரு கோடி விட்டு, வெளியே 100 மில்லி வடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் "லாக் 7க்கு மேல்" என்று எழுதலாம். அதே தண்ணீரில் 0.1 மில்லி மட்டும் பரப்பிப் பூஜ்ஜியம் என்றால் "லாக் 4க்கு மேல்" என்றுதான் எழுத வேண்டும். வடிகட்டி அதேதான், பார்த்த தண்ணீரின் அளவு மாறியதால் எண் மாறிவிட்டது. விளம்பரங்களைப் படிக்கும்போது எவ்வளவு விட்டார்கள், எவ்வளவு வடித்துப் பார்த்தார்கள் என்ற இரண்டையும் தேடுங்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1987இல் வகுத்த அளவுகோல்: பாக்டீரியாவுக்கு லாக் 6, வைரஸுக்கு லாக் 4, ஒட்டுண்ணிகளின் உறைநிலைக்கு (சிஸ்ட்) லாக் 3. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வீட்டு வடிகட்டிகளைப் படிநிலையாகப் பிரித்தது; மேல் படிக்கு பாக்டீரியாவில் லாக் 4, வைரஸில் லாக் 5, ஒட்டுண்ணியில் லாக் 4. அடுத்த படிக்கு முறையே 2, 3, 2.

கேள்வி: எங்கள் கேண்டில் ஒருமுறை லாக் 5 கொடுத்தது. கழற்றிக் கழுவி மாட்டியபின் லாக் 2.6. கேண்டில் கெட்டுவிட்டதா? – உதவிப் பேராசிரியர், வேலூர்

பதில்: கேண்டிலைக் குற்றம் சொல்லுமுன் வாஷரைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லி, வடிபடாமல் ஓரமாக வழிந்தாலும் உங்கள் எண் 4.3ஐத் தாண்டாது, மீதித் தண்ணீர் அமிர்தமாகவே இருந்தாலும். லாக் 2.6 என்றால் லிட்டருக்கு இரண்டரை மில்லி வழிகிறது. அரைத் தேக்கரண்டி. ரப்பர் வாஷரில் ஒட்டிய ஒரு மணல், ஒரு பக்கமாக இறுகிய இறக்கை நட்டு, பீங்கானையும் பிளாஸ்டிக் அடியையும் ஒட்டிய பசையில் ஒரு விரிசல், இவற்றில் ஒன்று போதும்.

கண்டுபிடிக்கும் வழி: மேல் பாத்திரத்தின் துளையை அதே வாஷரோடு கேண்டிலுக்குப் பதில் திடமான அடைப்பான் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றி இரவு வையுங்கள். சொட்டினால் கேண்டில் உட்காரும் இடமோ வாஷரோ பழுது. சொட்டாவிட்டால் பசையிலோ பீங்கானிலோ விரிசல். நாரால் தேய்த்துத் தேய்த்துச் சுவர் மெலிந்துபோவதும் உண்டு, ஆனால் அது ஒரே கழுவலில் நடக்காது.

கேள்வி: கல்லூரியில் கிட்டாக வாங்கிய ஒளிரும் ஈ.கோலை இருக்கிறது. அதை வைத்து யூ.வி. வாட்டர் ப்யூரிஃபையரைச் சோதிக்கலாமா? – விரிவுரையாளர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். அந்த கிட்டுகளில் வருவது பெரும்பாலும் எச்பி101 வகை. அதிலும் டிஎச்5 ஆல்ஃபா என்ற இன்னொரு ஆய்வக வகையிலும் ரெக்-ஏ என்ற டி.என்.ஏ. பழுதுபார்க்கும் மரபணு செயலிழந்திருக்கும். மரபணு வேலைக்கு வசதி என்று அப்படி வைத்திருக்கிறார்கள். புற ஊதாக் கதிர் பாக்டீரியாவைச் செயலிழக்கச் செய்வதே டி.என்.ஏ.வைக் குலைத்துத்தான். பழுதுபார்க்கத் தெரியாத பாக்டீரியா, மங்கிய விளக்கிலும் பொத்பொத்தென்று விழும். கருவிக்கு இலவச மதிப்பெண். ரெக்-ஏ நல்லபடியாக உள்ள எம்ஜி1655 போன்ற வகையிலிருந்து நாலிடிக்ஸிக் எதிர்ப்பை எடுத்துப் பயன்படுத்துங்கள். யூ.வி. பட்ட மாதிரியை உடனே இருட்டில் வையுங்கள், வெளிச்சத்தில் ஈ.கோலை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும்.

ஆம்பிசிலின் என்ற மருந்து இல்லாத தண்ணீரில் அந்த கிட் பாக்டீரியா, ஒளிரும் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டையும் மெல்ல இழக்கும் என்பது கூடுதல் தலைவலி.

கேள்வி: விற்பனையாளர் ஒருவர் மை கலந்த தண்ணீரை ஊற்றி, தெளிந்து வருவதைக் காட்டினார். இதுவும் சோதனைதானே? – இல்லத்தரசி, ஈரோடு

பதில்: கரி இருப்பதற்கான சோதனை. சாயத்தைக் கரி பிடித்துக்கொள்ளும். கிருமியைத் தடுப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கரி இல்லாத நல்ல பீங்கான் கேண்டிலில் மை அப்படியே கடந்துவிடும், பாக்டீரியா நின்றுவிடும். டி.டி.எஸ். மீட்டரும் உப்பைத்தான் காட்டும்.

கேள்வி: ஆலைகளில் 0.2 மைக்ரான் சவ்வுக்கு ஈ.கோலையைப் பயன்படுத்துவதில்லையாமே, ஏன்? – மருந்து நிறுவன ஊழியர், ஓசூர்

பதில்: ஈ.கோலை அதற்குக் கொழுத்த ஆள்: அரை மைக்ரான் தடிமன், இரண்டு மைக்ரான் நீளம். ஓட்டை கொஞ்சம் பெரிதாகவே இருந்தாலும் நின்றுவிடும், சவ்வின் குறை வெளியே தெரியாது. 1960களில் 0.45 மைக்ரான் சவ்வுதான் கிருமி நீக்கத்துக்குப் போதும் என்றிருந்தார்கள். அதைக் கடந்து வந்த ஒரு சிறு பாக்டீரியாவை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் இருந்த பிரான்சஸ் போமன் குழு கண்டது. அதன் பெயர் அன்று சூடோமோனாஸ் டிமினியூட்டா, இன்று பிரெவண்டிமோனாஸ் டிமினியூட்டா. 0.2 மைக்ரான் சவ்வுக்குச் சதுர செ.மீ.க்கு ஒரு கோடி வீதம் இதை ஏற்றி, மறுபக்கம் ஒன்றுகூட வரக் கூடாது என்பது விதி. சத்து குறைந்த உப்பு லாக்டோஸ் குழம்பில் வளர்த்தால்தான் தனித்தனியாக, மிகச் சிறியதாக இருக்கும். வளமான குழம்பில் வளர்த்தால் பருத்துவிடும், கொத்துக் கொத்தாகவும் ஒட்டும். சவ்வு போலியாகத் தேறிவிடும். பாக்டீரியாவை எப்படி வளர்த்தோம் என்பதும் சோதனையின் ஒரு பாகம்.

வீட்டுக் கருவிகளுக்கான அமெரிக்க முறையில் ரவுல்டெல்லா டெர்ரிஜெனா என்ற, மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவை விடுவார்கள். பழைய பெயர் கிளெப்சியெல்லா டெர்ரிஜெனா.

கேள்வி: பாக்டீரியாவில் தேறினால் மஞ்சள் காமாலை வைரஸும் நின்றுவிடும் என்று கொள்ளலாமா? – வாசகர், காஞ்சிபுரம்

பதில்: கூடாது. அந்த வைரஸ்கள் பாக்டீரியாவைவிடப் பல பத்து மடங்கு சிறியவை. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். 27 நானோமீட்டர் அளவுள்ள, மனிதனைத் தொடாத எம்எஸ்2 என்ற பாக்டீரிய வைரஸை விட்டுப் பார்ப்பார்கள். லாக் 6 வாங்கிய பீங்கான் கேண்டில் இதில் லாக் 1கூட எட்டாமல் போகலாம்.

கேள்வி: சோதனை முடிந்த தண்ணீரையும் கேண்டிலையும் என்ன செய்வது? – பள்ளி ஆய்வக ஆசிரியர், புதுச்சேரி

பதில்: தண்ணீர் 10 லிட்டருக்கு 5 சதவீத ப்ளீச் திரவம் 200 மில்லி ஊற்றிக் கலக்கி அரை மணி விட்டு, பிறகு கொட்டுங்கள். தட்டுகளும் குழம்பும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம். சோதித்த கேண்டிலைத் திரும்பக் குடிநீருக்கு மாட்டாதீர்கள், எவ்வளவு கழுவினாலும். ஒளிரும் வகை போல மரபணு ஏற்றிய பாக்டீரியா என்றால், அத்தகைய உயிரிகளைக் கையாள நம் நாட்டில் உள்ள 1989ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும், அது சாக்கடைக்கும் போகக் கூடாது. பள்ளி அளவில் இந்தச் சோதனையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: லேப் வசதி இல்லை. வீட்டிலேயே கேண்டில் விரிசலைப் பார்க்க வழி உண்டா? – ஓய்வுபெற்றவர், கும்பகோணம்

பதில்: உண்டு, ஓரளவுக்கு. கேண்டிலை ஒரு இரவு ஊற வையுங்கள். வாளித் தண்ணீரில் முழுக அமுக்கி, அடி முனையில் பிளாஸ்டிக் குழாய் மாட்டி ஊதுங்கள். நனைந்த பீங்கானின் நுண்துளைகளைத் தண்ணீரே அடைத்திருக்கும், காற்று போகாது. ஏதாவது ஒரே இடத்திலிருந்து குமிழி சரம் சரமாக வந்தால் அங்கே விரிசல். பெரும்பாலும் பசை போட்ட ஓரத்தில்தான் வரும்.

வாயால் ஊதும் அழுத்தம் அரை மீட்டர் உயரத் தண்ணீர் அளவுதான். அதற்கு சுமார் 60 மைக்ரானுக்குமேல் உள்ள ஓட்டைதான் காட்டிக் கொடுக்கும். சைக்கிள் பம்ப்பால் மெல்ல அழுத்தி, மூன்று மீட்டர் தண்ணீர் அளவுக்கு ஏற்றினால் 10 மைக்ரான் வரை தெரியும். அதற்குமேல் அழுத்தாதீர்கள், பசை விட்டுவிடும். குமிழி வந்தால் கேண்டிலை மாற்றுங்கள். வராவிட்டால் பெரிய விரிசல் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; பாக்டீரியா 10 மைக்ரானைவிட மிகச் சிறியது. மழைக்காலத்தில் வடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.